வரைபடத்தில் இல்லாத ஊற்றடி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள், குட்டிக்கு இரண்டாவது பல்லும் எட்டிப் பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஏதாவது தொடங்கினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிறாய். இன்னொரு தொல்லையும் உண்டு. உன் அழைப்பு வந்தால் போதும், உன் அப்பா செய்தித்தாளோடு பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுகிறார். அரை மணி நேரம் ஒரே பக்கத்தைப் படிக்கிற மனிதரை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வது? அதனால் அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அச்சக வேலை இன்னும் பாதி நாள் ஓடுகிறது. பிழை திருத்த ஆளே வேண்டாம், கணினியே பார்த்துக்கொள்ளும் என்று முதலாளி போன வருடம் சொன்னார் அல்லவா? அந்தக் கணினி ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகனை மணமகள் ஆக்கிவிட்டது. முந்நூறு பத்திரிகை அச்சான பிறகுதான் கண்டுபிடித்தார்கள். மறுநாள் என் நாற்காலியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டிருந்தார்.

போன வாரம் என் மேஜைக்கு நகராட்சியின் அறிவிப்பு ஒன்று வந்தது. பாலத்தை அடுத்த வெற்று நிலத்தில் பேருந்து நிலையம் வரப்போகிறதாம். ஆட்சேபம் உள்ளவர்கள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி மன்றத்துக்கு உரிய ஆவணங்களோடு வரலாமாம். இரண்டு முறை படித்தேன். ஓர் ஒற்றுப் பிழைகூட இல்லை. பிழை இல்லை என்று ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. போட்டேன். அந்த வெற்று நிலம் நம் ஊற்றடி.

உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் மருமகளும் இதைப் படிப்பாள் என்பதால் எழுதுகிறேன். நம் ஆட்கள் இந்த ஊருக்கு வந்து ஏழு தலைமுறை ஆகிறது. வந்த அன்று அவர்கள் முதலில் தண்ணீர் குடித்த இடம் அது. பிள்ளை பிறந்தால் அங்கே தூக்கிப் போகிறோம். ஊரைவிட்டுப் போகிறவர்களும் அங்கே ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டுப் போகிறார்கள். அதற்குமேல் ஒன்றும் செய்வதில்லை. கட்டடம் இல்லை, மணி இல்லை. ஒரு கல், ஓர் ஊற்று. சுற்றியிருந்த மதிலும் ஊற்றுக்கு இறங்கும் படிகளும், சாலை வேலைக்காரர்கள் பல வருடமாகக் கொட்டிய இடிபாட்டுக்கு அடியில் போய்விட்டன. தண்ணீர் மட்டும் இடிபாட்டின் ஓரமாக எங்கிருந்தோ கசிந்து வருகிறது. இப்போது அந்தக் கல்லையே நாம் போன வருடம்தான் கொண்டுவந்து வைத்தோம் என்கிறார்கள் நகர நலச் சங்கத்தார்.

ஒரு கல்லுக்காகவா இத்தனை அமளி என்று மருமகள் கேட்டால் இதைச் சொல். தேர்தல் வந்தால் யாராவது ஒருவர் மேடையேறி நம்மை "நேத்து வந்தவங்க" என்கிறார். ஊற்றடி வரைபடத்தில் இருந்தால் நாம் நேற்று வந்தவர்கள் இல்லை. இல்லாவிட்டால், அதைச் சுற்றியுள்ள அறுபத்து மூன்று வீடுகளும் வெற்று நிலத்தில் முளைத்த வீடுகள். அதனால்தான் அவற்றுக்கு இன்றுவரை கதவு எண் இல்லை. கதவு எண் இல்லாததால், வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் ஒரு வருடம் இருக்கும், மறு வருடம் காணாமல் போகும். இருக்கிறோம் என்பதற்கே ஆண்டுதோறும் மனுப் போடுகிறார்கள்.

இனி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன், அந்த வீடுகளுக்குக் காலி செய்யச் சொல்லி முதல் நோட்டீஸ் வந்தபோது, நீ நில அளவை அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தின் நகல் வாங்கி வந்தாய். கீழே, வரைந்தவர் என்ற இடத்தில், உன் அப்பாவின் கையெழுத்து இருந்தது. "நம்ம இடத்தை நீங்களே எப்படிப்பா வெற்று நிலம்னு போட்டீங்க?" என்று கேட்டாய். "அளந்ததைத்தான் வரைஞ்சேன்" என்றார் அவர். அடுத்த மாதம் நீ துறைமுக வேலைக்குக் கிளம்பினாய். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசவில்லை.

அன்று நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும்.

அவர் அளந்தார். ஊற்றையும் மதிலையும் படிகளையும் ஓர் அடிகூட விடாமல் அளந்து, அங்கேயே நின்று களக் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு அலுவலகத்தில் சுத்தப் பிரதி வரைய உட்கார்ந்தபோது மேலதிகாரி வந்து, "உங்க ஆளுங்க இடத்தை நீங்களே வரைஞ்சா நாளைக்குப் பேச்சு வரும். வெற்று நிலம்னு போட்டுடுங்க" என்றாராம். அன்று இரவு இதை மட்டும்தான் என்னிடம் சொன்னார். நம் ஆட்களில் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்த முதல் ஆள் உன் அப்பா. வேலை நிரந்தரம் ஆகவில்லை. நீ என் வயிற்றில் ஏழு மாதம். வெற்று நிலம் என்று போட்டார். அந்தக் குறிப்பேட்டை மட்டும் அலுவலகத்தில் ஒப்படைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, என்னிடம்கூடச் சொல்லாமல் கம்பளிப் பெட்டியின் அடியில் வைத்தார். முப்பத்தொரு வருடமாக அது அங்கேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கம்பளிகளை வெயிலில் போடும்போது நான் அதையும் தூசி தட்டித் திரும்ப வைத்துவிடுவேன்.

நீ அவரைக் கேட்ட அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவர் தலை குனிவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ போய்விடுவாய் என்று நான் நினைக்கவும் இல்லை.

அந்த அறிவிப்பில் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான், அன்று அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று முதல்முறையாக யோசித்தேன். வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள். நாளை மதியம் குறிப்பேட்டை எடுத்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். என்ன நடந்தாலும் எழுதுகிறேன்.

காற்று பலமாக அடிக்கும் நாளில் கிரேனில் ஏறாதே. எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு.

உன் அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

என் முதல் கடிதம் கிடைத்ததும் நீ அழைத்தாய். எடுத்த எடுப்பிலேயே "அப்புறம் என்னாச்சும்மா?" என்றாய். அப்போதும் செய்தித்தாள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தது. அதனால் குழாய் ரிப்பேரைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இப்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

புதன்கிழமை மதியம் தட்டுக்குப் பக்கத்தில் குறிப்பேட்டை வைத்தேன். கையில் எடுத்த கவளத்தை அப்படியே கீழே வைத்தார்.

"எங்கேர்ந்து எடுத்தே?" என்றார்.

"நீங்க வெச்ச இடத்துலேர்ந்துதான்."

"எத்தனை நாளா தெரியும்?"

"நீங்க வெச்ச அன்னிக்கே தெரியும்" என்றேன்.

எழுந்து கை கழுவிவிட்டு அறைக்குள் போய்விட்டார். சாப்பாட்டை மூடி வைத்தேன். எனக்கும் இறங்கவில்லை. மூன்று மணி வாக்கில் மெதுவாக வெளியே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குறிப்பேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்தார். இருபத்தெட்டு வயதில் எழுதிய எழுத்து. எவ்வளவு அழகான கையெழுத்து தெரியுமா உன் அப்பாவுக்கு! ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்து வாய்க்குள் படித்தார். கடைசியில் என்னைப் பார்க்காமலே, "அந்த வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டிருக்கா?" என்று கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் நகராட்சி மன்றத்தில் நாற்காலி போதவில்லை. இடப்பக்கம் முழுவதும் நம் ஆட்கள். வலப்பக்கம் நகர நலச் சங்கத்தார், பஸ் ஓட்டுநர்கள், மற்றவர்கள். யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை. தாமாகவே அப்படி உட்கார்ந்துவிட்டோம். எதிரே மேஜையில் விசாரணை அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் நகராட்சியின் பொறியாளர். சின்ன வயதுப் பெண்தான். கூட்டம் முடியும்வரை ஒருமுறைகூட போனைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

முதலில் நம் சங்கத் தலைவர் பேசினார். நீங்களெல்லாம் சின்ன வயதில் ஒலிபெருக்கி என்று பட்டப்பெயர் வைத்தீர்களே, அவரேதான். நாற்பது நிமிடம் பேசினார். முன்னோர் வந்த கதை, பட்ட கஷ்டம், சிந்திய வியர்வை. கண்ணில் தண்ணீர் வரப் பேசினார், குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அதிகாரி, "ஆவணம் ஏதாவது இருக்குங்களா?" என்றார். "எங்க மனசே ஆவணம்" என்றார் ஒலிபெருக்கி. வலப்பக்கம் நாலைந்து பேர் சிரித்தார்கள். நலச் சங்கத்தின் செயலாளர் எழுந்து, "எல்லாரும் மனசைக் காட்டி இடம் கேட்டா ஊரே தாங்காது. வரைபடத்துல வெற்று நிலம். அதோட முடிஞ்சுது" என்றார்.

பிறகு நம் தெருமுனையில் குடியிருக்கிற பஸ் ஓட்டுநர் அண்ணன் எழுந்தார். அவர் அந்தப் பக்கத்து ஆள்தான். "எங்களுக்கு நிழல் வேணும், கழிவறை வேணும். வண்டியை விட்டு இறங்கினா ஒதுங்க இடமில்லை, அது நிஜம். ஆனா அதுக்கு அந்த இடம்தான் வேணும்னு நாங்க யாரும் கேக்கலை. வெயில்ல வண்டி சூடானா அந்த ஊத்துலதான் நான் இருபது வருஷமா தண்ணி பிடிக்கிறேன். அங்க ஒண்ணுமே இல்லைன்னு நீங்க சொன்னா நான் எங்கேர்ந்து பிடிச்சேன்?" என்றார். அவர் பக்கத்து ஆட்களே அவரை முறைத்தார்கள். அவர் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

அப்போது உன் அப்பா எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. மேஜைக்குப் போய், "ஐயா, அந்த வரைபடத்தை வரைஞ்சது நான்தான். அது தப்பு" என்றார். குறிப்பேட்டைப் பிரித்து நின்றபடியே படித்தார். எல்லைக்கல்லிலிருந்து வடகிழக்கு மூலை இருநூற்றுப் பன்னிரண்டு அடி. மதில் நாற்பதுக்கு முப்பத்திரண்டு. கனம் இரண்டடி. ஊற்றுக்குப் படிகள் ஏழு. மேற்கே கல் ஒன்று, உயரம் மூன்றடி இரண்டு அங்குலம்.

படித்து முடித்ததும் வலப்பக்கத்தை விட நம் பக்கத்தில்தான் சத்தம் கிளம்பியது. ஒருவர் துரோகி என்றார். ஒலிபெருக்கிக்குக் குரலே வரவில்லை, அதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். கதவு எண் இல்லாத வீடுகளில் ஒன்றில் இருக்கிறாளே, தையல்காரி, வாக்காளர் பட்டியலில் மூன்று முறை பெயர் காணாமல் போனவள், அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "முப்பது வருஷமா எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள்.

உன் அப்பா அவள் பக்கம் திரும்பி, "ஆபீசுக்குப் போயிட்டிருந்தேம்மா" என்றார்.

மகனே, அதை அவர் தப்பிக்கச் சொல்லவில்லை. அதைவிட உண்மையான பதில் அவரிடம் இல்லை. தையல்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கூட்டத்தில் அழுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அழுதேன்.

பழைய நோட்டில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம் என்றார் நலச் சங்கத்துக்காரர். அதிகாரி இரண்டு உத்தரவு போட்டார். பொறியாளர் நேரில் போய்க் குறிப்பேட்டில் உள்ளபடி அளந்து, தோண்டிப் பார்த்து அறிக்கை தர வேண்டும். அரசாங்கக் குறிப்பேட்டை வீட்டில் வைத்திருந்தது குற்றம் என்பதால், உன் அப்பா பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். என்ன தண்டனை வரும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பளிப் பெட்டியைத் திறக்கும்போது இருந்த பயம் இப்போது இல்லை.

அந்த விளக்கக் கடிதத்தை எழுதி என்னிடம் பிழை பார்க்கத் தந்தார். "ஊற்றடி வரைபடத்தில் விடுபட்டது" என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். என்ன பிழை என்று கேட்கவில்லை. "விடப்பட்டது" என்று மாற்றி எழுதிக் கொண்டுவந்தார். மறுபடி வட்டம் போட்டேன். பிறகு "விட்டேன்" என்று எழுதினார். அதற்குக் கீழே நான் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுபடி அளக்கும் நாள் வருகிற திங்கட்கிழமை. மூலையில் மதில் கிடைக்க வேண்டுமே என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொள்கிறது. அவரோ நிம்மதியாகத் தூங்குகிறார், குறட்டையோடு. மருமகளிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். குட்டியின் புதுப் படம் அனுப்பு. பெரிதாக அனுப்பு, இரண்டு பேர் பார்க்க வேண்டும்.

உன் நலம் ஒன்றையே நினைக்கும்,
அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

குட்டியின் படம் கிடைத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அடேயப்பா! "முட்டி நேரா இருக்கு, சீக்கிரம் நடந்துடுவா" என்றார் ஒருவர். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பாலத்தடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பொறியாளர் பெண் அளவு நாடா, கடப்பாரை, நான்கு ஆட்களோடு வந்தாள். உன் அப்பா அதே வெள்ளைச் சட்டை. குறிப்பேடு இப்போது அவள் கையில் இருக்கிறது, அலுவலக முத்திரையோடு. எல்லைக்கல்லிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு அடி அளந்து ஒரு முளை அடித்தார்கள். தோண்டினார்கள். இடிபாடு, செங்கல் துண்டு, உடைந்த குழாய், ஒற்றைச் செருப்பு. நாலடி ஆழம் போயும் மதில் இல்லை. இன்னும் அகலமாக வெட்டினார்கள். இல்லை.

பத்தரை மணிக்கு நலச் சங்கத்தின் செயலாளர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, வெயில் ஏறுது. இல்லாததை எவ்வளவு நேரம் தோண்டுவீங்க?" என்றார். நம் ஆட்களில் சிலர் வீட்டுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். உன் அப்பா குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்? "நான் தப்பா அளந்திருப்பேனோ?" என்று என்னிடம் கேட்டார். மற்ற எல்லாவற்றிலும் தவறியிருந்தாலும் அளவில் தவறாதவன் என்ற ஒன்றைத்தான் அவர் இத்தனை வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்க தப்பா அளக்கலை" என்றேன். சொல்லிவிட்டு நானும் குழியைத்தான் எட்டிப் பார்த்தேன்.

அந்த நேரத்துக்கு ஓட்டுநர் அண்ணன் வண்டியைப் பாலத்தில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பயணிகள் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எங்கேயிருந்து அளந்தீர்கள் என்று கேட்டார். எல்லைக்கல்லைக் காட்டினார்கள். "இந்தக் கல்லு முன்னாடி இங்க இல்லையே சார்! பாலத்தை அகலப்படுத்தினப்ப பிடுங்கித் தள்ளி நட்டாங்க. அந்த மூணு மாசமும் வண்டியைச் சுத்துப் பாதையில திருப்பி ஓட்டினது நான்தான்" என்றார். "எவ்வளவு தள்ளி?" என்று பொறியாளர் பெண் கேட்டாள். "அதெல்லாம் தெரியாதும்மா. தள்ளித்தான்" என்று சொல்லிவிட்டு, பயணிகள் சத்தம் போடவும் ஓடிப்போய் வண்டியை எடுத்தார்.

அவள் அந்த நிமிடமே அலுவலகத்துக்கு ஆள் அனுப்பி, பாலம் வேலையின் பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னாள். அவள் நினைத்திருந்தால், ஒன்றும் கிடைக்கவில்லை என்று இரண்டு வரி எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? கோப்பு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் இருந்தது. எல்லைக்கல் கிழக்கே பதினோரு அடி நகர்த்தி நடப்பட்டது என்று ஒரே ஒரு வரி, யாரோ போகிற போக்கில் எழுதியது போல.

மறுபடி அளக்க வேண்டும். நாடாவின் மறுமுனையைப் பிடிக்கிற ஆள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். உன் அப்பா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். தையல்காரி கூட்டத்திலிருந்து வந்தாள். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மறுமுனையை வாங்கிக்கொண்டு அவர் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்து அழுத்திப் பிடித்தாள்.

புது இடத்தில் மூன்றாவது அடியிலேயே கடப்பாரை ணங்கென்றது. மகனே, அந்தச் சத்தம்! மண்ணைத் தள்ளினார்கள். இரண்டு மதில்கள் சேர்கிற மூலை, கத்தி வைத்து வெட்டியது போல நேராக. பொறியாளர் பெண் குழிக்குள் இறங்கிக் கனத்தை அளந்து, "ரெண்டடி" என்று உரக்கச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் படிகளில் மூன்று தெரிந்தன. தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்த படிகள். நேற்று வந்தவர்கள் ஒரே வருடத்தில் நடந்து அப்படிக் கல்லைத் தேய்க்க முடியுமா? அதை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. குடைக்காரர் மட்டும் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். நம் ஆட்கள் ஆரவாரம் செய்யவில்லை. ஒவ்வொருவராக வந்து குழியோரத்தில் ஒரு நிமிடம் நின்றார்கள். பொறியாளர் பெண்ணின் ஆட்களும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

அந்த அமைதியை ஒலிபெருக்கிதான் கலைத்தார். தலையாட்டிக்கொண்டே, "பெரிய வளைவு ஒண்ணு கட்டணும். மேல நம்ம பேரைக் கொட்டை எழுத்துல போடணும். பாலத்துல போறவன் எல்லாம் பார்த்துட்டுப் போகணும்" என்று ஆரம்பித்தார். அவர் ஆசையும் எனக்குப் புரிகிறது. இத்தனை நாள் இல்லை என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். உன் அப்பா, "வளைவு எல்லாம் வேணாங்க. அது நாளைக்கு இன்னொரு சண்டை. வரைபடத்துல ஒரு கோடு வந்தா போதும், அறுபத்து மூணு கதவுக்கு நம்பர் வரும்" என்றார். இதன் பேரில் சங்கத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை போட்டார்கள். இடம் இருக்கிறது என்று ஆன பிறகுதானே அதில் என்ன கட்டுவது என்று சண்டை போட முடியும்! எனக்கு அதைக் கேட்கவே இனிமையாக இருந்தது.

பேருந்து நிலையத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடக்கிற கிடங்கில் கட்டலாம் என்று பொறியாளர் அறிக்கை கொடுத்திருக்கிறாள். கழிவறை நான்கு, ஓட்டுநர்களுக்கு ஓய்வறை ஒன்று. நம் சங்கமும் அதற்கு ஆதரவாக மனுக் கொடுத்திருக்கிறது. அதை முதலில் எழுந்து சொன்னது தையல்காரி.

உன் அப்பாவின் விளக்கத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று பழைய சகாக்கள் சொல்கிறார்கள். "எது வந்தாலும் வாங்கிக்கணும், அது நியாயம்" என்கிறார் அவர். தெருவில் சிலர் அவரைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அதையும் வாங்கிக்கொள்கிறார். ஆனாலும் காலையில் நடக்கப் போகிறபோது ஊற்றடி வழியாகத்தான் போகிறார். முன்பெல்லாம் சுற்றிக்கொண்டு போவார். நீ கவனித்திருக்க மாட்டாய். முப்பது வருடமாகச் சுற்றித்தான் போனார்.

இன்னும் முழுதாக முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருத்திய வரைபடத்தை நகராட்சிப் பலகையில் தற்காலிகமாக ஒட்டியிருக்கிறார்கள். "ஊற்றடி, பழைய வழிபாட்டிடம்" என்று சின்ன எழுத்தில். அந்தத் தாள் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. ஊற்றடிக்கு ஒற்று சரியா என்று நான் பத்துத் தடவை பார்த்தேன். அறுபது நாள் ஆட்சேபக் காலம். நலச் சங்கத்தார் நிச்சயம் ஆட்சேபம் கொடுப்பார்கள். அதற்கு எதிராக, அந்த இடத்தைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள் சாட்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பத்தெட்டுப் பேர் போட்டாகிவிட்டது. அதில் ஒன்பது பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். ஓட்டுநர் அண்ணன் தன் மனைவியையும் மச்சானையும் கூட்டி வந்தார்.

நம் வீட்டுப் படிவத்தை உன் அப்பா நிரப்பினார். முதல் வரியில் உன் பெயரை எழுதிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார். இரண்டாவது வரி என்னுடையது. மூன்றாவதில் அவர். "அவன்தான் முதல்ல கேட்டவன்" என்றார். போன வாரம் உன் அறையில் இருந்த பழைய கோப்புகளை எல்லாம் வெளியே எடுத்து, சுவருக்கு வெள்ளை அடித்து, ஜன்னலில் குட்டிக்கு எட்டாத உயரத்தில் கொக்கி மாட்டினார். உயரத்தை இரண்டு தடவை அளந்தார். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்குள் நீ நேரில் வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். துறைமுகத்தில் லீவு கொடுப்பார்களா என்று என்னை மூன்று முறை கேட்டுவிட்டார்.

நேற்று நகராட்சிக் கவுன்ட்டரில் பொறியாளர் பெண்ணைப் பார்த்தேன். வெளியூரில் இருக்கிறவர்கள் கையெழுத்தைத் தபாலிலேயே அனுப்பலாம், இந்த வருடம் புதிதாக வந்த விதி என்றாள்.

அதை நான் உன் அப்பாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

உங்கள் மூவரின் வழியும் நல்ல வழியாக இருக்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா